லாரி சைலன்சருக்குள் ஒரு துளி தங்கம்: நாக்ஸ் சென்சார் எப்படி வேலை செய்கிறது, ஏன் பழுதாகிறது?

பெங்களூருவிலிருந்து ரயிலில் சென்னைக்கு வந்திருக்கிறீர்களா? பங்காருப்பேட்டை தாண்டியதும் காமசமுத்திரம், பிசநத்தம், குடுபல்லி, குப்பம் என்று ஸ்டேஷன்கள் வரும். குப்பத்தை விட்டால் மற்றவை விரைவு ரயில்கள் கண்டுகொள்ளாத சின்ன ஊர்கள். குடுபல்லியும் குப்பமும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம்தான், ஆனால் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றையும் ஒரே டீக்கடையில் கேட்கலாம்.

இந்தக் குடுபல்லி மண்டலத்தின் மண்ணுக்கு அடியில் தங்கம் இருக்கிறது. கோலார் தங்கவயலுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த அதே பாறைப்பட்டையின் தெற்கு நீட்சி இது. சிகரகுண்டா, பிசநத்தம் என்ற பெயர்கள் இந்தியச் சுரங்க ஆவணங்களில் பல காலமாக உண்டு. 2001-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது சிகரகுண்டா சுரங்கமும் நின்றுபோனது. பின்னர் இந்தப் பகுதியை மத்திய அரசின் என்எம்டிசி நிறுவனம் ஏலத்தில் எடுத்தது.

தங்கம் என்றால் நமக்கு நகை, அடகு, கல்யாணச் செலவு. ஆனால் இதே ஊர்ச் சாலையில் தக்காளி ஏற்றிக்கொண்டு போகும் பிஎஸ்-6 டீசல் லாரியின் புகைக்குழாயிலும் கொஞ்சம் தங்கம் இருக்க வாய்ப்பு அதிகம். எடை என்று பார்த்தால் ஒரு மூக்குத்திப் பொட்டுக்குக்கூடக் காணாது. (அது குடுபல்லியில் தோண்டிய தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த சென்சாரின் செராமிக் பகுதி பெரும்பாலும் வெளிநாட்டில் தயாராகி வருவது.)

அந்தத் துளி தங்கம் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். லாரி நச்சு வாயுவைக் கக்கிக்கொண்டே போகும், வண்டியின் கணினியோ ‘எல்லாம் சரி’ என்று நம்பிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் வண்டி நன்றாக இருக்கும்போதே ‘பழுது’ என்று முடிவுகட்டி எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். லோடோடு மேட்டில் ஏற முடியாமல் நிற்கும் டிரைவருக்கு அந்த இரண்டாவது கதை நன்றாகத் தெரியும். முதல் கதை யாருக்கும் தெரியாது. கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

முதலில் உங்கள் பைக்கைப் பாருங்கள்

லாரிக்குப் போகும் முன் எளிமையான ஒன்றிலிருந்து தொடங்குவோம். 2020-க்குப் பிறகு வாங்கிய பைக் அல்லது ஸ்கூட்டர் உங்களிடம் இருந்தால், எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயில் ஸ்பார்க் பிளக் மாதிரி ஒன்று திருகியிருப்பதைப் பார்க்கலாம். அதிலிருந்து ஒரு ஒயர் மேலே போகும். அதுதான் ஆக்சிஜன் சென்சார். மெக்கானிக் கடையில் ‘ஓ-டூ சென்சார்’ என்பார்கள்.

பெட்ரோல் முழுதாக எரிய, 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு கூடும், அதிகமானால் புகையில் ஆக்சிஜன் மிஞ்சும். இந்தக் கணக்கு சரியாக இருந்தால்தான் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்ய முடியும். கணக்கு சரியா என்று வெளியே வரும் புகையை முகர்ந்து பார்த்துச் சொல்வதுதான் இந்த சென்சாரின் வேலை.

உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற செராமிக். அதில் கொஞ்சம் இட்ரியா கலந்து சுட்டால் ஒரு வினோத குணம் வருகிறது. சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் அதற்குள் நகரத் தொடங்கும். ஒரு பக்கம் சாதாரணக் காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் ஆக்சிஜன் அளவு வேறு வேறாக இருந்தால் நடுவே மின்னழுத்தம் பிறக்கும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் சுமார் 0.1 வோல்ட், பெட்ரோல் மிஞ்சியிருந்தால் 0.8 அல்லது 0.9 வோல்ட். அதைப் பார்த்து வண்டியின் ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

சூடான சிர்கோனியாவில் மின்சாரம் பாயும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜெர்மன் விஞ்ஞானி வால்டர் நெர்ன்ஸ்ட் கண்டுகொண்டார். அவர் அதை வைத்து விளக்கு செய்தார். புகைக்குழாய்க்கு அது வர 1976 ஆனது. பாஷ் நிறுவனம் தயாரித்த சென்சார் முதலில் வால்வோ கார்களில் பொருத்தப்பட்டது.

செராமிக் மட்டும் இருந்தால் போதாது. மின்னழுத்தத்தை வெளியே எடுக்க இரு பக்கமும் மின்முனை, அதாவது எலக்ட்ரோடு, வேண்டும். இங்கேதான் விலை ஏறுகிறது.

ஏன் பிளாட்டினம்? செம்பு போதாதா?

வீட்டு ஒயரிங்கில் செம்பு ராஜா. புகைக்குழாயில் அது சில நிமிடம்கூடத் தாங்காது. அந்தச் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து கருத்து, ஆக்சைடாகிவிடும். வெள்ளி 962 டிகிரியில் உருகும், தங்கம் 1,064 டிகிரியில். புகைக்குழாயின் வெப்பம் அதற்குக் கீழேதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் சென்சார் செய்யும்போது செராமிக்கையும் அதன்மேல் பூசிய உலோகத்தையும் சேர்த்தே சூளையில் சுடுவார்கள், சுமார் 1,400 டிகிரியில். வெள்ளியும் தனித் தங்கமும் அங்கேயே உருகி ஓடிவிடும். பிளாட்டினத்தின் உருகுநிலை 1,768 டிகிரி.

சூடு தாங்குவது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் இன்னும் சுவாரசியமானது. பிளாட்டினம் வெறும் ஒயர் இல்லை, அது ஒரு வினையூக்கி. ஆக்சிஜன் மூலக்கூறு அதன்மேல் வந்து உட்கார்ந்ததும் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த அணு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு அயனியாகி, செராமிக்கிற்குள் நுழைகிறது. இந்தப் பிரிக்கும் வேலை நடக்காவிட்டால் சென்சார் ஊமை.

அதுவும் எல்லா இடத்திலும் நடப்பதில்லை. வாயு, உலோகம், செராமிக் மூன்றும் ஒன்றையொன்று தொடும் விளிம்பில்தான் நடக்கும். குப்பம் பக்கத்தில் தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா மூன்று எல்லையும் நெருங்கி வருவது போல. மூன்று ஊர்ச் சரக்கும் கைமாறும் சந்தை அந்த முனையில்தான் கூடும். அதனால் எலக்ட்ரோடைத் தகடு மாதிரி வழவழப்பாகப் பூசினால் பயனில்லை. இட்லி மாதிரி துளைத்துளையாக இருக்க வேண்டும், அப்போதுதான் விளிம்புகள் கூடும். பிளாட்டினத் தூளோடு சிர்கோனியாத் தூளையும் கலந்து பசையாக்கிப் பூசுவது அதற்காகத்தான். உள்ளே எங்கு பார்த்தாலும் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும், உலோகமும் பிடி விட்டுப் பெயராது.

ஒரு சென்சாருக்குப் பிளாட்டினம் மில்லிகிராம் கணக்கில்தான் போகிறது. அதனால் பழைய சென்சாரை உடைத்துப் பணக்காரர் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஈயத்துக்கும் இதற்கும் ஆகவே ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்தவரை கன்வெர்ட்டரும் சரி, சென்சாரும் சரி, நம் ஊரில் பிழைத்திருக்க முடியாது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குக் கன்வெர்ட்டரும் ஈயமில்லாப் பெட்ரோலும் சேர்ந்தே வந்தன. 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது.

டீசல் லாரிக்கு இது ஏன் போதாது?

பெட்ரோல் வண்டியில் கேள்வி ஒன்றுதான்: ஆக்சிஜன் மிஞ்சுகிறதா, இல்லையா? டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு அதிகமான காற்றோடுதான் ஓடும். அதன் புகையில் ஆக்சிஜன் நிறையவே இருக்கும். அங்கே தலைவலி வேறு. நைட்ரஜன் ஆக்சைடுகள், டிரைவர்கள் வாயில் ‘நாக்ஸ்’.

எஞ்சினுக்குள் சூடு அதிகமாகும்போது காற்றில் சும்மா கிடக்கும் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்துகொள்கிறது. அதில் உருவாகும் நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலை எரிச்சலூட்டும். வெயிலில் ஓசோனாகவும், குளிரில் நுண்துகளாகவும் மறுபிறவி எடுக்கும். காற்றில் இதன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 10.

பிஎஸ்-4 வண்டிகளை 2020 ஏப்ரல் 1 முதல் விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவிட்டது நினைவிருக்கும். அந்தத் தாவலில் டீசல் காருக்கான நாக்ஸ் வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆனது. கனரக எஞ்சினுக்கு, ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் என்றிருந்தது 0.46 கிராமாக இறங்கியது. (சோதனை முறையும் சேர்ந்து மாறியதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் இறக்கம் எவ்வளவு செங்குத்து என்று தெரிகிறதல்லவா?)

இந்த அளவை எட்டத்தான் ‘ஆட்புளூ’ வந்தது. டெஃப் என்றும் சொல்வார்கள். 32.5 சதவீதம் தூய யூரியா, மீதி கனிமம் நீக்கிய தண்ணீர். சூடான குழாயில் தெளித்ததும் அமோனியாவாகி, வினையூக்கியின் மேல் நாக்ஸைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். எவ்வளவு தெளிக்க வேண்டும்? குறைத்தால் நாக்ஸ் தப்பிக்கும், கூட்டினால் அமோனியா வெளியே நாறும். அளந்து சொல்ல ஆள் வேண்டும். அதற்காக வினையூக்கிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பெரும்பாலான பெரிய லாரிகளில் இரண்டு நாக்ஸ் சென்சார்கள்.

தங்கம் எங்கே வருகிறது?

டீசல் புகையில் ஆக்சிஜன் 100-க்கு 5 முதல் 15 பங்கு வரை இருக்கலாம். நாக்ஸ் இருப்பது பத்து லட்சத்துக்குச் சில நூறு பங்கு. வினையூக்கியைத் தாண்டி வரும்போது அதிலும் குறைவு. நாக்ஸை அளக்க ஒரு வழி, அதை உடைத்து, வெளிவரும் ஆக்சிஜனை எண்ணுவது. ஆனால் சுற்றிலும் ஏற்கெனவே பல நூறு மடங்கு ஆக்சிஜன் நிற்கிறதே, எப்படிப் பிரித்து எண்ணுவது?

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பதரைப் பறக்கவிட வேண்டும், நெல் ஒன்றுகூடச் சிதறக் கூடாது. நாக்ஸ் சென்சார் செய்வதும் அதைத்தான். ஜப்பானின் என்ஜிகே இன்சுலேட்டர்ஸ் நிறுவனம் 1990-களில் உருவாக்கிய இந்த அமைப்பில், சிறுவிரல் அளவுகூட இல்லாத செராமிக் பட்டைக்குள் இரண்டு சிற்றறைகள். (ஸ்பார்க் பிளக் செய்யும் என்ஜிகே வேறு நிறுவனம். அது 2023-ல் பெயரை நிட்டெரா என்று மாற்றிக்கொண்டது.)

புகை முதலில் முதல் அறைக்குள் மெல்லக் கசிந்து வரும். அங்கே ஒரு எலக்ட்ரோடு மின்சாரத்தைக் கொண்டு ஆக்சிஜனை வெளியே இறைத்துவிடுகிறது. கிணற்று மோட்டார் தண்ணீரை இறைப்பது போல, கிட்டத்தட்டக் காலியாகும் வரை. மீந்த வாயு இரண்டாம் அறைக்குப் போகும். அங்கிருக்கும் எலக்ட்ரோடு நைட்ரிக் ஆக்சைடை உடைக்கும். வெளிவரும் ஆக்சிஜன், மைக்ரோ ஆம்பியர் கணக்கில் ஒரு மின்னோட்டத்தைத் தரும். ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோ ஆம்பியர். அந்த நூலிழை மின்னோட்டம்தான் நாக்ஸின் அளவு.

இப்போது சிக்கலைப் பாருங்கள். முதல் அறையில் வெறும் பிளாட்டினத்தை வைத்தால் என்ன ஆகும்? பிளாட்டினம் துறுதுறுப்பான உலோகம், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காது. ஆக்சிஜனைப் பிரித்த கையோடு நைட்ரிக் ஆக்சைடையும் பிரித்துப் போட்டுவிடும். பதரோடு நெல்லும் பறந்த கதை. இரண்டாம் அறைக்கு எண்ண ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு மருந்துதான் தங்கம். வேதியியல் கண்ணில் தங்கம் ஒரு சோம்பேறி உலோகம். எதனோடும் எளிதில் சேராது, அதனால்தான் பாட்டி போட்ட சங்கிலி பேத்தி கழுத்திலும் கருக்காமல் இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு அதன்மேல் ஒட்டி உடையாது. பிளாட்டினத்தோடு சுமார் 1 சதவீதம் தங்கத்தைக் கலந்தால், அதன் துறுதுறுப்பு அடங்குகிறது. ஆக்சிஜனை இறைக்கும், நைட்ரிக் ஆக்சைடைத் தொடாமல் விடும்.

1 சதவீதம் எப்படிப் போதும்? தங்க அணுக்கள் கலவைக்குள் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. சூட்டில் அவை மேற்பரப்புக்கு வந்து குடியேறும். வாயு தொடுவது மேற்பரப்பை மட்டும்தானே. உள்ளே பிளாட்டினம், மேலே தங்கத்தின் ஆதிக்கம். உருகுநிலைப் பிரச்சினையும் தீர்ந்தது: தனியாக 1,400 டிகிரி தாங்காத தங்கம், பிளாட்டினத்தோடு கலவையாகச் சூளைக்குள் போய்ப் பிழைத்து வருகிறது.

இரண்டாம் அறையில் நேர்மாறான குணம் வேண்டும். நைட்ரிக் ஆக்சைடை ஒன்றுவிடாமல் உடைக்கிற உலோகம். பிளாட்டினத்தோடு ரோடியம் கலப்பது அதற்காக. கன்வெர்ட்டர்களில் நாக்ஸை உடைக்கப் பயன்படுவதும் ரோடியம்தான், விலையில் தங்கத்தையே தாண்டிப் போகும் உலோகம். ஆக, ஒரே பட்டையில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு அடக்கி, ஒரு உடைப்பி.

தங்கம் இடம் மாறினால்?

சென்சாருக்குள் ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. வண்டி ஓடும் நேரமெல்லாம் செராமிக்கை 700, 800 டிகிரியில் வைத்திருக்கும். பிளாட்டினம் இந்தச் சூட்டை அலட்சியமாகத் தாங்கும். தங்கம் அப்படியில்லை. ஆயிரக்கணக்கான மணி நேரத்தில் மிக மிகக் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே வரும்.

ஆவியான தங்கம் பக்கத்து அறைக்குப் போய், ரோடியம் கலந்த எலக்ட்ரோடின் மேல் படிகிறது. எந்தக் குணத்துக்காக முதல் அறையில் அதை விரும்பினோமோ, அதே குணம் இங்கே வினையாகிறது. நைட்ரிக் ஆக்சைடு சரியாக உடையாது, மின்னோட்டம் குறையும், சென்சார் ‘நாக்ஸ் குறைவுதான்’ என்று சொல்லத் தொடங்கும். வேண்டுமென்று சொல்லும் பொய் இல்லை, வயதான கண் சின்ன எழுத்தைத் தவறவிடுவது மாதிரி. முதல் அறையில் தங்கம் மிகவும் குறைந்துபோனாலும் முடிவு அதேதான். அங்கேயே நாக்ஸ் உடைந்துவிடும், அளவு குறைவாகவே காட்டும். இரண்டு வழியிலும் பிழை ஒரே திசையில், லாரிக்குச் சாதகமாக. தங்கத்தின் அளவு, எலக்ட்ரோடின் சூடு, அறைகளின் இடைவெளி எல்லாவற்றையும் நுணுக்கி நுணுக்கித் தயாரிப்பாளர்கள் காப்புரிமை மேல் காப்புரிமை எடுப்பது இந்த ஒரு தொல்லையைச் சமாளிக்கத்தான்.

பிளாட்டினத்துக்கும் வயதாகும். ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவது போல, அதன் நுண்துகள்கள் மெல்லத் திரண்டு பருக்கும். துளைகளும் விளிம்புகளும் குறையும். சென்சார் பதில் சொல்ல நேரமாகும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. இந்த சென்சாருக்கு அமோனியாவும் நாக்ஸும் ஒன்றுபோலத் தெரியும். ஆட்புளூ அதிகமாகத் தெளித்து அமோனியா கசிந்தால், சூடான எலக்ட்ரோடில் அது எரிந்து நைட்ரிக் ஆக்சைடாகிவிடும். சென்சார் ‘நாக்ஸ் கூடிவிட்டது’ என்று கத்தும். கத்துவதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் தெளித்தால் நிலைமை மோசமாகும். எஞ்சின் மென்பொருள் எழுதுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் இது.

சரி, இதை யார் சோதிக்கிறார்கள்?

ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒருமுறை புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வாங்குகிறோமே, அங்கே பார்க்க மாட்டார்களா? மாட்டார்கள். நடைமுறையில் உள்ள அந்தச் சோதனையில் டீசல் வண்டிக்குப் புகையின் கருமையை மட்டுமே அளக்கிறார்கள். நாக்ஸுக்கு நிறம் கிடையாது என்றே சொல்லலாம், அந்த அளவில் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்று சான்றிதழ் வாங்கிய லாரி, வரம்பைப் போல் பல மடங்கு நாக்ஸை விட்டுக்கொண்டு போக முடியும்.

அப்படியானால் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய பிறகு ஒரு லாரியின் நாக்ஸைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது அதன் குழாயில் இருக்கும் அந்த எலக்ட்ரோடு மட்டும்தான். காவலுக்கு ஒரே ஆள்.

அந்த ஆளையும் ஏமாற்றுகிறார்கள். ‘எமுலேட்டர்’ என்ற சின்னப் பெட்டி சந்தையில் கிடைக்கிறது. ஆட்புளூ தெளிப்பை நிறுத்திவிட்டு, ‘நாக்ஸ் குறைவு’ என்ற போலித் தகவலை ஈசியு-வுக்கு அது அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆட்புளூ செலவு மிச்சம், சென்சார் மாற்றும் செலவும் மிச்சம். ஒரிஜினல் நாக்ஸ் சென்சாரின் விலை பெரும்பாலும் ஐந்து இலக்கத்தில் இருப்பதால், ஒற்றை லாரி வைத்துத் தவணை கட்டுகிற ஒருவருக்கு இந்த ஆசை வருவது புரியாத விஷயமில்லை. ஆனால் மாசு விதியை மீறும் வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு காத்திருக்கிறது: 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஏமாற்றுவது தனி ஆட்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2015-ல் ஃபோக்ஸ்வாகன் உலகையே அதிரவைத்தது இதே நாக்ஸ் விஷயத்தில்தான். சோதனைக்கூடத்தில் ஒழுங்காகவும் சாலையில் வேறு மாதிரியும் நடக்கும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். இந்தியாவிலும் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தார்கள்.

என்னைக் கேட்டால், சென்சாரை மலிவாக்குவதும் புகைச் சோதனையில் நாக்ஸைச் சேர்ப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் சுமை டிரைவர் தலையில் விழும், அல்லது காற்றின் தலையில்.

மலிவான எலக்ட்ரோடு சாத்தியமா?

உலகம் முழுக்க முயல்கிறார்கள். உலோகத்துக்குப் பதிலாக மின்சாரம் கடத்தும் ஆக்சைடுகளை வைக்கலாம் என்பது ஒரு வழி. லாந்தனமும் ஸ்ட்ரான்டியமும் மாங்கனீஸும் சேர்ந்த ஒரு ஆக்சைடு, எரிபொருள் மின்கலங்களில் பல காலமாக எலக்ட்ரோடாக இருக்கிறது. விலையும் குறைவு. ஆனால் சென்சார் செய்யும் சூளை வெப்பத்தில் அது சிர்கோனியாவோடு வினைபுரிந்து, இரண்டுக்கும் நடுவே லாந்தனம் சிர்கோனேட் என்ற படலத்தை உண்டாக்கும். மின்சாரத்துக்கு அது சுவர் மாதிரி. தனித்தனியாகச் சுட்டுச் சேர்க்கலாம், அப்போது தயாரிப்புச் செலவு ஏறும்.

நம் பக்கத்தில் காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், திட ஆக்சைடு எரிபொருள் மின்கல ஆய்வு நடக்கிறது. அதன் உள்ளிருப்பும் சிர்கோனியா போன்ற செராமிக்குகளும் அவற்றுக்கான எலக்ட்ரோடுகளும்தான். லாரி சென்சாரும் அதுவும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று சொல்லலாம்.

பிளாட்டினம் நம் நாட்டில் இல்லையா என்றால், பாறையில் இருக்கிறது. ஒடிசாவின் பௌலா-நுவாசாஹியிலும் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் பிளாட்டினம் வகை உலோகங்களை இந்தியப் புவியியல் ஆய்வு மையம் கண்டிருக்கிறது. (நிலவின் மண்ணைப் போல ஒரு மண் வேண்டும் என்று இஸ்ரோ சந்திரயானுக்காகப் போய் எடுத்ததும் இதே சித்தம்பூண்டிப் பாறையைத்தான்.) ஆனால் சுரங்கமாகி வணிக அளவில் வெளிவரவில்லை. உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்துதான் வருகிறது.

லைட் எரிந்தால் என்ன செய்யலாம்?

“செக் லைட் எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது.” ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். உடனே சென்சாரை மாற்றச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். ஸ்கேனரில் வரும் பழுதுக் குறியீட்டை எழுதி வாங்குங்கள். ‘நாக்ஸ் அதிகம்’ என்று சொன்னால் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுகூட அர்த்தமாகலாம். ஆட்புளூ தரமில்லையா, தெளிக்கும் முனையில் யூரியா உப்பாக அடைத்திருக்கிறதா, குழாய் இணைப்பில் காற்று கசிகிறதா, எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஆட்புளூ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். மானிய யூரியாவை அப்படித் திருப்பிவிடுவதே குற்றம். அதோடு 2015 முதல் உர யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் மற்ற அசுத்தங்களும் தெளிப்பானை அடைத்து வினையூக்கியைக் கெடுக்கும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய்ப் பல ஆயிரத்துக்கு வேலை வைத்துக்கொள்வது இப்படித்தான்.

எஞ்சின் ஆயில் எரிந்து புகையோடு வந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் எலக்ட்ரோடின் துளைகளை மூடும். கேஸ்கெட்டுக்குச் சாதாரண சிலிகான் பசையைத் தடவும் பழக்கமும் ஆபத்து. அதன் ஆவி சூட்டில் கண்ணாடிப் படலமாக எலக்ட்ரோடின் மேல் படிந்துவிடும். ‘சென்சாருக்குப் பாதுகாப்பானது’ என்று அச்சிட்ட பசையே வேண்டும். இது பைக்குக்கும் பொருந்தும்.

சூடான சென்சாரைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவாதீர்கள். செராமிக் விரிந்துவிடும். இதற்காகவே குழாயில் ஈரம் காயும் வரை ஹீட்டரை முழுச் சூட்டுக்கு ஏற்றாமல் ஈசியு காத்திருக்கும். காலையில் வண்டி எடுத்த முதல் சில நிமிடம் நாக்ஸ் அளவு வராமல் இருந்தால் அது பழுதில்லை. பழுது சரியான பிறகும் லைட் உடனே அணையாமல் இருக்கலாம். பிழை இல்லாமல் சில ஓட்டங்கள் ஓடி முடித்த பின்தான் ஈசியு அதை அணைக்கும்.